காவல் நிலையத்துக்குக் கிடை போட்டது

எங்க நெட்டூரணியில போலீஸ் ஸ்டேஷன் எங்க இருக்குன்னு வெளியூர்க்காரங்க யாராச்சும் கேட்டா நாங்க உடனே கைய நீட்டிக் காட்ட மாட்டோம், எதுக்குப் போறீங்கன்னு திருப்பிக் கேட்போம், ஏன்னா பாஸ்போர்ட் விசாரணைக்குப் போறவருக்கு அது இருந்த இடத்துல இருக்கும், பைக்கத் தொலைச்சவருக்கும் அதே இடத்துல இருக்கும், இன்ஸ்பெக்டரய்யா பொறந்தநாளுக்குக் கேக்கு கொண்டு போறவருக்கு வாசப்படி ரெண்டு எட்டு முன்னால வந்துகூட நிக்கும், ஆனா வீரணன் மேல புகார் கொண்டு போறவங்களுக்கு மட்டும் அது எங்கயும் நிக்காது, ஓடிப் போயிரும். ஆளுங்க ஓடுறதச் சொல்லல. கட்டடத்தச் சொல்றேன். செங்கச் சுவரு, கம்பிக் கதவு, கொடிக்கம்பம், வேப்பமரத்தடியில துருப்பிடிச்சுக் கெடக்குற வண்டிங்க, அந்த வேப்பமரம் எல்லாத்தையும் சேத்து வாரிச் சுருட்டிக்கிட்டு ஓடிரும்.

எம்பேரு பஞ்சவர்ணம். ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்புல பூக்கடை வச்சிருக்கேன், கடை அங்கயேதான் இருக்கு, எதிர்த்தாப்புலதான் இப்ப ஒண்ணுமில்ல. புது இன்ஸ்பெக்டர் வந்தா எங்கிட்டதான் மாலை வாங்குவாங்க, மாத்தலாகிப் போனாலும் எங்கிட்டதான் வாங்குவாங்க, இவங்க வர வேண்டிய நேரத்துல வராம விட்டதால போய்ச் சேந்தவங்களுக்கும் எங்கிட்டதான் வாங்குவாங்க, அதனால அந்தக் கட்டடத்தப் பத்திப் பேச இந்த ஊர்ல எனக்கு இருக்குற உரிமை வேற யாருக்கும் கெடையாது. இல்லேன்னு எவனாச்சும் சொல்லட்டும், பாத்துக்கிறேன்.

வீரணன் யாருன்னு சொல்லிர்றேன். சேர்மன் வீட்டுச் சின்ன மச்சினன், ஊருக்கு வடக்க தோட்டம், தோட்டத்துல ஓட்டு வீடு, வீட்டுல அருவா, வேலைவெட்டின்னு ஒண்ணுமில்ல. பழைய இரும்புக் கடைக்காரரு ஓசியில சரக்கு தர மாட்டேன்னாருன்னு அவரு கடையக் கொளுத்துனான், ஸ்டேஷன்ல கூப்பிட்டு எழுதி வாங்கிட்டு விட்டுட்டாங்க. பஸ்ல எந்திரிச்சு எடம் தரலேன்னு ஒரு புள்ளையச் சடையப் பிடிச்சு இழுத்துக் கீழ தள்ளுனான், எழுதி வாங்கிட்டு விட்டுட்டாங்க. ஏண்டா இப்படிப் பண்றேன்னு தட்டிக் கேட்ட டீச்சரம்மா கையில அருவாளப் போட்டான், சாக்பீசு பிடிக்குற விரல் ரெண்டும் போச்சு, அதுக்கும் எழுதி வாங்கிட்டு விட்டுட்டாங்க. எழுதி வாங்குறதுன்னா என்னன்னா, இனிமேல் இவ்விதம் நடந்துகொள்ள மாட்டேன்னு வெட்டுனவங்கிட்ட ஒண்ணு, இத்துடன் சமாதானமாகப் போகிறோம்னு வெட்டுப்பட்டவங்ககிட்ட ஒண்ணு. கேஸுன்னு போட்டா ஊரு கெட்ட ஊருன்னு மேல தெரிஞ்சு போகும், போடலேன்னா அமைதியான ஊரு, அமைதியான ஊருக்கு வருஷா வருஷம் சுதந்திர தினத்தன்னைக்குக் கேடயம் உண்டு. ஒரே ஒரு தடவ ஊர்க்காரங்க நாங்களே நேராக் கோர்ட்டுல மனுப் போட்டோம், இவன் ஆபத்தானவன்னு மனநல ஆஸ்பத்திரி சொல்லணும்னு கோர்ட்டு சொல்லுச்சு, ஸ்டேஷன் சொல்லணும்னு ஆஸ்பத்திரி சொல்லுச்சு, கோர்ட்டுதான் சொல்லணும்னு ஸ்டேஷன் சொல்லுச்சு, இப்படி மூணு பேரும் நீங்க முந்தி நீங்க முந்தின்னு மரியாத பண்ணிக்கிட்டு இருக்கையில வீரணன் டீயக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டான்.

ஸ்டேஷன் மொத மொதலா நகந்தது அந்த டீச்சரம்மாவுக்குத்தான். கட்டுப்போட்ட கையோட ஒரு நா காலையில வந்தாங்க, எனக்குச் சமாதானமும் வேணாம் ஒண்ணும் வேணாம், கேஸாப் போடுங்கன்னு சொல்லிரணும்னு வந்தாங்க. படியில கால வைக்கப் போறாங்க, படி பின்னால போயிருச்சு. மழைத்தண்ணி கெடந்தா பொம்பளைங்க சேலைய லேசாத் தூக்கிக்கிட்டு ஒதுங்குவோம்ல, அது மாதிரி அஸ்திவாரத்தக் கணுக்கால் அளவுக்குத் தூக்கிக்கிட்டு மொத்தக் கட்டடமும் ஒதுங்குச்சு. டீச்சரம்மா இன்னொரு எட்டு வச்சாங்க, அது இன்னொரு எட்டு போச்சு, அவங்க வேகமா நடந்தா அது வேகமா நடந்துச்சு, கடைசியில ஊரணிக்கரையத் தாண்டிப் போய் வேலிக்கருவேலங் காட்டுக்குள்ள நின்னுக்கிட்டு எட்டிப் பாத்துச்சு. டீச்சரம்மா மூச்சு வாங்க என் கடையில வந்து உக்காந்து, "பஞ்சவர்ணம், அது போறதப் பாத்தியா?"ன்னாங்க.

"பாத்தேன் டீச்சர். தண்ணி குடிக்கிறீங்களா?"

வேற என்னத்தச் சொல்ல? உள்ள உக்காந்திருக்குறவங்க அத்தன வருஷமா செஞ்சத இப்பச் சுவரும் செய்யுது, இதுல வாயப் பொளக்க என்ன இருக்கு?

ஊரு பழகிக்கிச்சு. பஸ் கண்டக்டரு "போலீஸ் ஸ்டேஷன் ஸ்டாப்பு"ன்னு கத்துறத விட்டுட்டு "ஸ்டேஷன் பழைய எடம் எறங்கு"ன்னு கத்துனாரு, டீக்கடை செல்லப்பா வியாபாரம் போயிரக் கூடாதுன்னு கடைக்குச் சைக்கிள் சக்கரம் மாட்டிப் பின்னாலயே தள்ளிக்கிட்டுத் திரிஞ்சான், கரண்டு ஆபீஸ்காரங்க ஒயர இழுத்து இழுத்து ஓஞ்சு போய்க் கடைசியில ஸ்டேஷன் பின்னாலயே ஒரு ஒயர்ச் சுருளக் கட்டி விட்டுட்டாங்க, அது எருமை வாலாட்டம் ஆடிக்கிட்டே போச்சு. ஸ்டேஷன் இருந்த பள்ளத்துல மழைத்தண்ணி நின்னு வாத்து மேஞ்சுச்சு, காவல் நிலையத்துக்கு எதிரில் அருமையான மனைன்னு அந்தப் பக்கம் விளம்பரம் போட்டிருந்த புரோக்கரு அந்த போர்டயும் ஒரு தள்ளுவண்டியில ஏத்திக்கிட்டாரு. பொதுப்பணித்துறை எஞ்சினியர் வந்து சுவரத் தட்டிப் பாத்துட்டு விரிசல் எதுவும் இல்ல, கட்டடம் நல்ல ஆரோக்கியமா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. இன்ஸ்பெக்டர் தனுஷ்கோடி ஐயாதான் எல்லாத்துக்கும் மேல. "காவல் நிலையம் இருந்த இடத்திலேயே உள்ளது. ஊர்தான் நகர்ந்துள்ளது"ன்னு கொட்ட எழுத்துல போர்டு எழுதி வாசல்ல மாட்டுனாரு, அதோட விடாம, அனுமதியில்லாம நகந்ததுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு ஊருக்கு நோட்டீசும் விட்டாரு. அந்த வருஷமும் கேடயம் எங்களுக்குத்தான்.

சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம், சீனியம்மா மக விஷயம் வர்ற வரைக்கும். சீனியம்மா மாவு மில்லு வச்சிருக்குறவ, எனக்கு மதினி முறை, புருஷன் போனப்புறம் ஒத்தையில மில்ல ஓட்டி மகள டிகிரி வரைக்கும் படிக்க வச்சவ. அந்தப் புள்ள அபிநயா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செல்போன் கடையில வேலை பாக்குது, நல்லாச் சிரிச்சுப் பேசும், கன்னத்துல குழி விழும், எங்கடையத் தாண்டும்போதெல்லாம் "அத்தை, இன்னிக்கு என்ன பூ?"ன்னு கேக்காமப் போகாது. வீரணன் அந்தக் கடைக்குப் போனான். கக்கூசு கழுவுற ஆசிட் பாட்டில ஒரு மஞ்சப்பையில இருந்து எடுத்து, ரீசார்ஜ் பண்ண வந்தவன் மாதிரி மேசை மேல வச்சான்.

"தேரோட்டத்துக்குள்ள என்னக் கட்டிக்கிறேன்னு சொல்லிரு. இல்லேன்னா தேரன்னைக்கு இதுலதான் ஒனக்கு முகங்கழுவி விடுவேன்"ன்னான், பாட்டிலத் திரும்பப் பையில போட்டுக்கிட்டு, கடைக்காரப் பையனுக்கு ஒரு வணக்கமும் போட்டுட்டுப் போனான். இவன் சொன்னா செய்வான். டீச்சரம்மா கையப் பாத்த ஊரு இது.

தேருக்கு ஒரு வாரந்தான் இருந்துச்சு. புள்ள வேலைக்குப் போறத நிப்பாட்டிருச்சு, தூக்கத்த நிப்பாட்டிருச்சு, கண்ணாடியத் திருப்பி வச்சிருச்சு. தேருக்கு ரெண்டு நா இருக்கையில சீனியம்மா மனுவக் கையில பிடிச்சுக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனா, ஸ்டேஷன் கெளம்பிருச்சு. அவ டீச்சரம்மா மாதிரி மூச்சு வாங்கி உக்கார்ற ரகம் இல்ல, மாவு மூட்டையத் தூக்குன ஒடம்பு, சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டுப் பின்னாலயே ஓடுனா. ஜன்னல்ல இன்ஸ்பெக்டர் தலை தெரிஞ்சுச்சு, ஓடுற கட்டடத்துக்குள்ள ஒரு கையால டீ கிளாசயும் இன்னொரு கையால ஜன்னல் கம்பியயும் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"ஏம்மா, எதுக்கு இப்படி ஓடியாற? அவன் இன்னும் ஒண்ணும் செய்யலையேம்மா!"

"செஞ்சப்புறம் வந்தா நிப்பீங்களாய்யா?"

"செஞ்சப்புறம் வா, பேசி முடிச்சு எழுதி வாங்கிருவோம்!"

அப்படியே சந்தைத் தெருவுக்குள்ள திரும்புச்சு ஸ்டேஷன். அங்க எரிஞ்ச கடைக்கு முன்னால பழைய இரும்புக் கடைக்காரரு எதேச்சையா நின்னாரு, அவரு மனசுல என்ன இருந்துச்சோ, அவரப் பாத்ததும் ஸ்டேஷன் மெரண்டு எடப்பக்கமா ஒடிஞ்சு திரும்புச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். எங்க பக்கத்துல அறுப்பு முடிஞ்சதும் ராத்திரி வயல்ல அடைச்சுக் கிடை போடுறதுக்கு ஆட்ட ஓட்டிட்டுப் போவாங்க, தெருவுல அப்படித்தான் திரும்பும் ஆடு, எதுத்தாப்புல ஆளு நின்னா இந்தப் பக்கம், இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம். எனக்கு மட்டுமில்ல, தெருவுல நின்ன அத்தன பொம்பளைக்கும் அது ஒரே நேரத்துல ஒறச்சிருச்சு. "அடியே, இது ஓட்டுனா போகும்டி!"ன்னு எவளோ கத்துனா.

மறுநா காலையில பல்லு வெளக்குன கையோட எல்லாரும் வந்துட்டோம். வீரணன் மேல ஒரு வயித்தெரிச்சல் இல்லாத வீடு ஊர்ல கெடையாது, அதனால ஓட்டுறதுக்கு ஆளுப் பஞ்சமே இல்ல, டீச்சரம்மா பெருமாள் கோயில் முக்குல நின்னாங்க, பஸ்ல இழுபட்ட புள்ள பேங்க்குச் சந்துல நின்னுச்சு, இரும்புக் கடைக்காரரு சந்தை வாசல மறிச்சுக்கிட்டாரு, சீனியம்மாவும் அபியும் நானும் பின்னால இருந்து அணைச்சுக்கிட்டே போனோம். ஸ்டேஷன் பாவம் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சு. தேருக்குப் பந்தல் போட்டுக்கிட்டு இருந்தவங்க மூங்கில ஒதுக்கி வழி விட்டாங்க, ரைட்டரய்யா பாதிச் சவரத்தோட ஜன்னல்ல நின்னு "மெதுவா ஓட்டுங்கம்மா, கத்தி பட்ருது"ன்னாரு, டீக்கடை செல்லப்பா நாலு பேரு டீக்காசக் கடன்ல எழுதிட்டுக் கடையத் தள்ளிக்கிட்டு ஓடியாந்தான். ஊரே குலவ போட்டுச்சு. எனக்கு அப்ப இருந்த சந்தோஷம் இருக்கே, எங்கல்யாணத்தன்னைக்குக்கூட இருந்ததில்ல.

நேரா வீரணன் தோட்டத்துக்கு ஓட்டுனோம். வேலியப் பிரிச்சு உள்ள விட்டோம், ஸ்டேஷன் போய் அவன் வீட்டுக்குப் பக்கத்துல, தென்னைக்கு நடுவுல, உஸ்ஸுன்னு உக்காந்துச்சு, நாங்க சுத்திக் கை கோத்து நின்னுக்கிட்டோம். அவன் வீட்டு வாசல்லயே போலீசு, சுத்தி நாங்க, இனிமே மனுவ வாங்காம இன்ஸ்பெக்டரு எங்க போவாருன்னு சீனியம்மா அபி கையப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடந்தா. ஸ்டேஷன் பின்னால போகப் பாத்துச்சு, பின்னால டீச்சரம்மா நின்னாங்க. போக வழியில்ல. சீனியம்மா கால் படியில பட்டுச்சு.

ஆனா பாருங்க, எங்க புத்திய எங்க கொண்டு போய் வைக்க? பொறந்ததுல இருந்து கிடை போடுறதப் பாக்குறோம். ஆட்ட யாரு ஓட்டிட்டு வந்தாலும், அது எவன் காட்டுல அடையுதோ உரம் அவனுக்குத்தான், இது பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். ஓட்டுற மும்முரத்துல அது ஒருத்திக்கும் ஞாபகம் வரல. நாங்க போலீச எவன் காட்டுல கொண்டு போய் அடைச்சிருக்கோம்?

வீரணன் கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, வாயில வேப்பங்குச்சியோட வெளிய வந்தான். சுத்திப் பாத்தான். ஸ்டேஷனப் பாத்து நடந்தான். அவன் வர்றதப் பாத்துட்டுப் படி, எங்க எல்லாருக்கும் ஓடுன அந்தப் படி, மண்ணோட மண்ணாத் தாழ்ந்து குடுத்துச்சு.

"அண்ணே, வாங்க, உக்காருங்க"ன்னு ஒரு ஏட்டு நாற்காலி போட்டாரு.

"புகார் குடுக்கணும்"ன்னான் வீரணன். "எம்பட்டா நெலத்துல அத்துமீறி வேலியப் பிரிச்சு நொழஞ்சிருக்காங்க. கூட்டமா வந்து மெரட்டுறாங்க. எனக்கு உயிருக்குப் பயமா இருக்கு."

"மொதல்ல நான் வந்தேன்யா, எம்மனுவ வாங்குங்க, எம்மக மூஞ்சிய எரிச்சுருவேன்னு சொல்லிருக்கான்யா, அந்தா, அவன் வீட்டுத் திண்டுல இருக்கு பாருங்க அந்தப் பை!"ன்னு சீனியம்மா தொண்ட கிழியக் கத்துனா.

தனுஷ்கோடி ஐயா அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. "அரசாங்கக் கட்டடத்தக் கடத்திருக்கீங்க, தெரியுமாம்மா? அவரு புகார் ரெடியா இருக்கு, இடம் இருக்கு, சாட்சி நாங்களே இருக்கோம். இவ்வளவு சுத்தமான கேஸ நான் சர்வீஸ்ல பாத்ததில்ல"ன்னாரு. வீரணன் பேரு போட்ட மொத கேஸு அன்னைக்குத்தான் அந்த ஸ்டேஷன்ல பதிவாச்சு, புகார்தாரர் வீரணன். சீனியம்மா மொத குற்றவாளி, அபி ரெண்டாவது, நான் மூணாவது. எங்களப் பிடிச்சு லாக்கப்புல போட்டாங்க.

அங்கதான் அவங்க புத்தியும் எங்க புத்தி மாதிரியே போச்சு. புகார் வெளிய நின்னா ஓடலாம், உள்ளயே உக்காந்துக்கிட்டா எங்க ஓடுறது? சீனியம்மா லாக்கப்புல கால நீட்டி உக்காந்து மனுவ மடியில விரிச்சதும் ஸ்டேஷனுக்குக் குளிர் காச்சல் கண்டுருச்சு. முன்னால ஓடுச்சு, பின்னால ஓடுச்சு, தன்னத்தானே சுத்துச்சு, பீரோ விழுந்துச்சு, கேடயமெல்லாம் கொட்டிச்சு, ரைட்டரய்யா மேசைக்கு அடியில வாந்தி எடுத்தாரு. நாங்க கம்பியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். லாக்கப்பு வாசல்ல ஒரு பொம்பளப் போலீசு துப்பாக்கியோட காவல் நின்னா, ஆடுற ஆட்டத்துலயும் அந்த எடத்த விட்டு நகரல, அவளத் தாண்டி ஒரு ஈ உள்ள வர முடியாது. அபி அந்தத் துப்பாக்கியயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. பெறகு ஆத்தா மடியில தலைய வச்சுச்சு, ஒரு வாரமாத் தூங்காத புள்ள, கட்டடம் அந்தக் குதி குதிக்குது, கொறட்ட விட்டுத் தூங்குச்சு.

சீனியம்மா என்னப் பாத்தா. "பஞ்சவர்ணம், தேர் முடியற வரைக்கும் இங்கயே இருந்துருவோமா?"ன்னு மெதுவாக் கேட்டா. 

எங்க இருக்க விட்டாங்க? இவங்கள வெளிய அனுப்பலேன்னா கட்டடமே கெடைக்காதுன்னு மத்தியானமே வேன்ல ஏத்திக் கோர்ட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. எவனப் பிடிச்சுக் கோர்ட்டுக்குக் கொண்டு போனாலும் வாய் தொறக்காத இன்ஸ்பெக்டரு, அன்னைக்கு ஜட்ஜய்யாகிட்ட எங்களப் பத்திப் பேசுனாரு பாருங்க, பெத்த தாயப் பத்திக்கூட அப்படி ஒருத்தன் பேச மாட்டான். "அமைதியான பொம்பளைங்க ஐயா. உழைச்சுச் சாப்பிடுறவங்க. இவங்களால சமூகத்துக்கு எந்த ஆபத்தும் இல்ல. ஜாமீன்ல விட எங்களுக்கு ஆட்சேபணையே இல்ல"ன்னாரு. ஜட்ஜய்யாவும் எங்கள ஏற எறங்கப் பாத்துட்டு, சரி, ஆபத்தில்லாதவங்கதான், எல்லாருக்கும் ஜாமீன்னு சொல்லிட்டாரு.

ஜன்னல் வழியாப் பாத்தா, கோர்ட்டு கேட்டுக்குப் பக்கத்துல புளியமரத்தடியில வீரணன் நிக்கிறான், கையில மஞ்சப்பை. மறுநா தேரு.

சீனியம்மா கையெடுத்துக் கும்பிட்டா. "ஐயா, எங்களுக்கு ஜாமீன் வேணாங்கய்யா. உள்ளயே வச்சிருங்க. வெளிய போனா எம்மக மூஞ்சியில ஊத்திருவான்யா, அந்தா நிக்கிறான் பாருங்க."

"அது வேற விஷயம்மா. அதுக்கு நீங்க ஸ்டேஷன்ல போய்ப் புகார் குடுங்க"ன்னாரு ஜட்ஜய்யா, அடுத்த கேஸக் கூப்பிடச் சொல்லிட்டாரு.

சீனியம்மா குனிஞ்சு கால்ல கெடந்த ரப்பர்ச் செருப்பக் கழட்டி வீசுனா, அது போய் ஜட்ஜய்யா மேசையில தண்ணி டம்ளர்ல விழுந்து டம்ளர் உருண்டுச்சு. கோர்ட்டே எந்திரிச்சிருச்சு. ஜட்ஜய்யா நடுங்கிப் போய், "இந்தப் பொம்பள வெளிய இருந்தா எல்லாருக்கும் ஆபத்து! ஜாமீன் ரத்து! ஜெயிலுக்குக் கொண்டு போங்க!"ன்னு கத்துனாரு.

சீனியம்மா முகத்துல சந்தோஷம் வந்துச்சு, வந்த வேகத்துல போயிருச்சு. ரத்தானது அவ ஜாமீனு மட்டுந்தான். மகளோடது அப்படியே இருக்கு. ரெண்டு பொம்பளப் போலீசு அவளப் பிடிச்சு இழுக்குறாங்க, மக தனியா நிக்குது, இவ "ஐயோ, எம்புள்ள, எம்புள்ள"ன்னு கதறுறா, அந்தக் கதறல் இன்னிக்கும் எங்காதுல இருக்கு.

அபி அழுகல. ஆத்தா விட்டுட்டுப் போன இன்னொரு செருப்பு தரையில கெடந்துச்சு. அத எடுத்து, தூசியத் தட்டி, குறி பாத்து வீசுச்சு. ஜட்ஜய்யா மூக்குக் கண்ணாடி பறந்து போச்சு.

ஆத்தாளுக்கும் மகளுக்கும் வெலங்கு மாட்டி வெளிய கொண்டு வந்தாங்க. முன்னால நாலு துப்பாக்கி, பின்னால நாலு துப்பாக்கி, நடுவுல அபி, கன்னத்துல குழி விழச் சிரிச்சுக்கிட்டு வருது. வீரணன் பையத் தூக்கிக்கிட்டுப் புளியமரத்தடியில இருந்து முன்னால வந்தான். காலையில அவனுக்கு அண்ணேன்னு நாற்காலி போட்டாருல்ல, அதே ஏட்டு, துப்பாக்கிக் கட்டைய அவன் நெஞ்சுல வச்சு ஒரு தள்ளு தள்ளுனாரு.

"தள்ளி நில்லுடா! ஆபத்தான கைதிங்க போறாங்க, யாரும் கிட்ட வரக் கூடாது!"

வீரணன் தள்ளி நின்னான். அவன் பொறந்ததுல இருந்து ஒரு போலீசு அவனப் பாத்துத் தள்ளி நில்லுன்னு சொன்னது அன்னைக்குத்தான், அதுவும் அவங்கிட்ட இருந்து அபியக் காப்பாத்த இல்ல, அபிகிட்ட இருந்து அவனக் காப்பாத்த.